மூடிக்குள் அடைத்த காற்று

மேட்டின் பாதியில் இன்ஜின் இரண்டு முறை குலுங்கி அடங்குகிறது. பள்ளி வேன் இப்போது காலிதான். ஆனாலும் டிரைவரின் கண் கண்ணாடி வழியே பின்சீட்டுக்கு ஓடுகிறது. நேற்று, பிள்ளைகளோடு, ரயில் தண்டவாளத்தின் மேலேயே இப்படித்தான் நின்றது. "பள்ளிக்கூடம் விடுற நேரம்ணே. இத எடுத்துட்டுப் போறதா வேண்டாமா, ஏதாவது சொல்லுங்க." ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே டிரைவர் கேட்கிறார். ஒட்டடை என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லியான மெக்கானிக் பக்கத்து சீட்டிலிருந்து இறங்குகிறார். ஃபில்டர் புதிது, பம்பில் குறையில்லை, டியூபில் எங்கும் கசிவில்லை. காலையிலிருந்து எல்லாம் பார்த்தாயிற்று. சாய்ந்த வெயிலில் வண்டியைச் சுற்றி நடந்து டீசல் டேங்க் அருகே குனிகிறார். "சாவியத் தொடாத தம்பி. இறங்கி வந்து காதக் குடு." மூடியைத் திருகுகிறார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்கிறது. முங்கியவன் தலை தூக்கி இழுக்கும் மூச்சு மாதிரி. "உள்ள காத்துப் போக வழியே இல்ல. அப்புறம் டீசல் எப்படிப்பா இன்ஜினுக்கு வரும்?" மூடியின் அடியில் மடித்த பாலிதீன், ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருக்கிறது. "எந்தப் புண்ணியவான் பாத்த வேல இது?" டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி சீட்டில் ஏறுகிறார். பின்சீட்டுச் சின்னப் பெண்ணுக்கு டீசல் வாடை குமட்டுகிறது என்று போன வாரம் கட்டியது அவர்தான். மெக்கானிக் அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, மூடியைப் போட்டு, "இப்ப எடு" என்கிறார். சாவியின் ஒரே திருகலில் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. தூரத்தில் பள்ளி மணி அடிக்கிறது. நேற்றைய தண்டவாளம் கண்முன் நிற்க, டிரைவரின் கால் மட்டும் கிளட்சை விட மறுக்கிறது.