சமையல்காரன்தான் கொலையாளி

“ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவுல ரயில் விடப் போறாங்களாம் சார். நாலே மணி நேரம். படுத்துக்கிட்டே போகலாமாம்.”

சவரக் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்து அந்தரத்தில் பிடித்தபடி சலூன்காரர் சொன்னார். எங்கள் ஏரியாவில் அவருக்கு ரேடியோ அண்ணன் என்று பெயர். அணைக்கத்தான் பட்டன் கிடையாது.

பெஞ்சில் நாலைந்து பேரோடு காத்திருந்த நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு சலூன் இருந்தும் நான் இங்கே வருவது இதற்காகத்தான். அவர் குரல் எனக்கு அத்துப்படி. பாதி மூக்கு, பாதி தொண்டை. சாயங்காலம் நண்பர்கள் நடுவில் அப்படியே பேசிக் காட்டினால் ஒவ்வொருத்தனும் வயிற்றைப் பிடித்துக்கொள்வான்.

நாற்காலியில் இருந்தவர் ப்ரூஃப் சார். செய்தித்தாள் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் ப்ரூஃப் பார்த்து அடுத்தவர் பிழையைத் திருத்தியவர். ஆறு மாதம் முன்னால் பக்கவாதம். கை நடுக்கம் போகாததால் வாராவாரம் இங்கே ஷேவிங். பேச்சு மட்டும் சரியாகத் திரும்பவே இல்லை.

“வார்த்தையெல்லாம் உள்ளேதான் இருக்காம் தம்பி” என்றார் என் பக்கத்தில் இருந்த அவர் மகள். “பேசிப் பேசித்தான் வெளிய வரணுமாம். இப்படியே விட்டா ஒரேயடியா நின்னுடும்னு டாக்டர் சொல்றார். வீட்டுல வாயே திறக்கறதில்ல. கையை நீட்டுவார், நாங்க எடுத்துக் கொடுத்துடுவோம்.”

“அப்புறம் ஏன் அக்கா இங்க கூட்டிட்டு வர்றீங்க? இவர் மூச்சு விடவே இடம் கொடுக்க மாட்டாரே.”

“அதான் எனக்கும் புரியல. போகும்போது கடுகடுன்னு போவார். ஆனா சனிக்கிழமை ஆனா, எனக்கு முன்னாடி சட்டையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பார்.”

கண்ணாடியில் சாரின் முகம் சிவந்தது. நுரைக்கு நடுவில் உதடு துடித்தது.

“க... கடல்.”

“என்ன சார்?”

“நடுவுல... கடல்.”

“கடலா இருக்கு? நான் ஏதோ ஆறுன்னு நினைச்சேன். சரி, ஒரு பாலத்தைப் போட்டாப் போச்சு.”

சார் பல்லைக் கடித்தார். அண்ணன் அசரவில்லை. ஒரு பக்கக் கன்னத்தை முடித்துவிட்டு மறுபடி கத்தியைத் தூக்கினார்.

“புது போன் ஒண்ணு வந்திருக்கு சார். சார்ஜே போட வேணாம். சட்டைப் பையில வெச்சா உடம்புச் சூட்டுலயே ஏறிடும். காய்ச்சல் அடிச்சா அரை மணியில ஃபுல்.”

“பொய்” என்றார் சார். கொஞ்ச நேரம் திணறி, “விளம்பரம்... பொய்.”

எனக்கே எரிச்சலாக இருந்தது. உடம்பு சரியில்லாத மனுஷர். கொஞ்சம் நிம்மதியாக உட்கார விடலாம் இல்லையா? உளறிக் கொட்டி இப்படியா ரத்தக் கொதிப்பை ஏற்றுவது?

“அந்தக் கொலைத் தொடர் படிக்கிறீங்களா சார்? வாராவாரம் பத்திரிகைல வருதே. நான் கண்டுபிடிச்சுட்டேன். சமையல்காரன்தான் கொலையாளி. ஆரம்பத்துல இருந்தே அவன் முழி சரியில்ல.”

சார் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

“ச... சமையல்... மு...”

எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் குரலிலேயே எடுத்துவிட்டேன். “அண்ணே, சமையல்காரன் முதல் வாரமே போய்ச் சேர்ந்துட்டான். கொலையானதே அவன்தான்.”

பெஞ்சே சிரித்தது.

சார் வாயை மூடிக்கொண்டார். கை நழுவி மடியில் விழுந்தது.

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். “கொஞ்சம் வெளிய வா.”

வாசலில் அவர் பேசியது நான் பேசிக் காட்டும் அந்தக் குரலே இல்லை. மூக்கும் இல்லை, ஏற்ற இறக்கமும் இல்லை.

“சமையல்காரன் செத்தது எனக்குத் தெரியாதா? எட்டு வாரமா ஒரு வரி விடாமப் படிக்கிறேன். நியூசிலாந்து எங்க இருக்குன்னு தெரியாதா? தினமும் கடை திறக்கறதுக்கு முன்னாடி பேப்பரை முழுசாப் படிச்சு, எதை எப்படி மாத்திச் சொல்லலாம்னு மண்டையை உடைச்சுக்கறேன். தப்பைக் கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியாத மனுஷன்டா அவர். நாலு மாசத்துல ஒத்தை வார்த்தை ரெண்டாச்சு. இன்னைக்கு மூணு வந்திருக்கும். வாய் வரைக்கும் வந்ததை நீ பிடுங்கிட்ட.”

நான் உள்ளே இருந்த சாரைத் திரும்பிப் பார்த்தேன்.

“இதை அவர்கிட்ட உளறிடாத. ரோஷக்காரர். பரிதாபப்பட்டுப் பண்றோம்னு தெரிஞ்சா இந்தப் படி ஏற மாட்டார்.”

உள்ளே போனோம். அண்ணன் கிரிக்கெட்டில் ஒரு தப்பு சொன்னார். டிவியைப் பற்றி ஒன்று. சார் அசையவில்லை. மகள் கைப்பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

கெடுத்தவன் நான். நானே வாயைத் திறந்தேன்.

“அண்ணே, இந்த நிலா இருக்குல்ல? அது போன வருஷம்தான் வந்துச்சாம். போன் கம்பெனிக்காரன் டவருக்காகச் செஞ்சு மேல அனுப்பினானாம்.”

“அப்படியா, நமக்கு யாரு சொல்றா?” என்றார் அண்ணன், பழைய குரலில். கத்தி மட்டும் கன்னத்துக்குத் திரும்பவில்லை.

ப்ரூஃப் சார் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். உதடு அசைந்தது. மகள் எழுந்து நின்றுவிட்டார்.

“தம்பி... தப்பு சொன்னா... நம்புற மாதிரி... சொல்லணும். இவர்கிட்ட... கத்துக்கோ.”