துண்டுக்குள் ஒரு பேரம்

"கேட்டைத் தொற சார்! அந்த ஞானத்தை அஞ்சே நிமிஷம் எங்க கையில குடு. பொறவு நீயே எடுத்துக்கினு போ!"

நீலமேகம் புளியந்தோப்பு போலீஸ் ஸ்டேஷன் கேட்டைப் பிடித்து உலுக்கினான். அவனுக்குப் பின்னால் துறைமுகக் கூலிகளும் ஆடுதொட்டியில் கறி வெட்டும் ஆட்களுமாக முந்நூறு பேர்.

"அஞ்சு நிமிஷம் கழிச்சு எடுத்துட்டுப் போக என்னப்பா மிச்சம் இருக்கும்?" என்றார் உள்ளே நின்ற இன்ஸ்பெக்டர். "சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள அவனை மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தியாகணும். குண்டு வெச்சது அவன்தானான்னு கோர்ட்டு விசாரிக்கட்டும். வேனுக்கு வழி விடு."

"வேன் வெளிய வந்தா கொளுத்திடுவோம்!"

நாலு நாளைக்கு முன்னால், பேசின் பிரிட்ஜ் பக்கம், வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து வந்த ரயில் பெட்டியில் குண்டு வெடித்தது. செத்தது ஏழு பேர். அதில் ஒருவன் ஜஹாங்கீர். நீலமேகத்தோடு ஒரே கிரேனில் வேலை பார்த்தவன், ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவன். நேற்று மாலை எண்ணூரில் ஞானம் என்று ஒருவனைப் பிடித்து, தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

"அவன் மூஞ்சி எப்டி கீதுன்னு யாருக்குனா தெரியுமா?" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர்.

"மூஞ்சி இன்னாத்துக்கு நைனா? வேன்லேர்ந்து எறங்குற மொத ஆளு அவன்தான்" என்றான் நீலமேகம்.

"மொத ஆளு டிரைவராச்சே?"

யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் மட்டும் வேனை விட்டு இறங்கி உள்ளே போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து, ஸ்டேஷனை ஒட்டிய சந்திலிருந்து நாலு ஆடுகள் வந்தன. தடியான ஆள் ஒருவர் அவற்றை ஓட்டி வந்தார். சரியாகச் சொன்னால், ஆடுகள்தான் அவரை ஓட்டி வந்தன. பின்னாலேயே ஆட்டுத் தரகர் அத்தாவுல்லாவும், வெளியூர் வியாபாரி ஒருவரும். இரண்டு பேர் கையும் ஒரு துண்டுக்குள்.

ஆட்டு வியாபாரத்தில் வாயால் விலை சொல்லும் வழக்கம் கிடையாது. கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைத் தொட்டு விலை கேட்பார்கள். விரலை மடக்கிக் குறைப்பார்கள். துண்டு விலகும்வரை மற்றவர்கள் விலையில் குறுக்கிடவும் மாட்டார்கள், எட்டிப் பார்க்கவும் மாட்டார்கள். பெண்டாட்டியைத் திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்கிறவன், துண்டை இழுத்தால் வெட்ட வருவான்.

அத்தாவுல்லாவைக் கண்டதும் கூட்டம் அடங்கிப்போனது. அவர் ஜஹாங்கீரின் அப்பா.

நீலமேகத்துக்கு ஆத்திரம் பொங்கியது. "பாய்! மவனைப் பொதைச்ச மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள யாவாரமா?"

"இன்னா பண்றது நைனா? வேலூரு பார்ட்டி. இன்னிக்கே திரும்பணுமாம்."

"உன்னியப் பெத்த அப்பன் மாதிரி நெனச்சிகினு இருந்தேனே! நாங்க அவனுக்காவ காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்காம நிக்கிறோம். நீ கெடாவுக்கு வெல பேசிகினு போறியா?"

அத்தாவுல்லா ஒரு எட்டு முன்னால் வைத்தார். நீலமேகம் வழி மறித்தான்.

"சரி, யாவாரம் பண்ணிக்கோ. ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. செத்தது உன் புள்ள. நீ தலைய ஆட்டினா போதும், கேட்டைப் பேத்து உள்ள பூந்துடுவோம்."

முந்நூறு பேரும் அந்தத் தலையையே பார்த்தார்கள். வேலூர்க்காரருக்கு வேர்த்து ஊற்றியது. ஆடு ஓட்டி வந்தவர் ஆடுகளை மறந்து நின்றார்.

"அடிச்சே கொன்னுடுவீங்க. தெரியும்" என்றார் அத்தாவுல்லா மெதுவாக. "அப்பால, என் புள்ளய ஏன்டா கொன்னேன்னு நான் யாராண்ட போய்க் கேப்பேன்? செஞ்சது இவன் இல்லேன்னு வெச்சுக்கோ. செஞ்சவன் எங்கியோ குந்திகினு டீ குடிச்சிகினு சிரிப்பானே, அவனை யாரு தேடுவா?"

நீலமேகம் கேட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"பல்லைப் புடிச்சுப் பாக்காம ஒரு ஆட்டுக்கு நான் வெல சொன்னதில்ல, நீலமேகம். இது மனுசன் உசுரு. வழி வுடு, நேரமாவுது."

"பாத்தியா, எடது கையால பேரம் பேசறாரு" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். "பாவம், புத்தி பேதலிச்சிடுச்சி."

நீலமேகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். "ஏய், ஒதுங்குங்கடா! பாய் மேல யாரு கையும் படக்கூடாது. வழி வுடுங்க!"

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. துண்டு அசையாமல் நடுவே போனது. தெருமுனையில் ஒரு ஜட்கா வண்டி நின்றது. மூன்று பேரும் அதில் ஏறினார்கள். ஆடுகளை நடுத்தெருவிலேயே விட்டுவிட்டுப் போன ஆட்டுக்காரரை அன்றைக்குத்தான் புளியந்தோப்பு பார்த்தது.

அவர்கள் கோர்ட்டுக்குள் நுழைந்தபோது மணி நாலு ஐம்பது.

"யோவ், இது என்ன ஆட்டுச் சந்தையா? துண்டை எடுங்கய்யா!" என்று டவாலிச் சேவகன் அதட்டினான்.

"ஒரு நிமிஷம் பொறுங்க தம்பி. அய்யா கூப்புடட்டும்" என்றார் அத்தாவுல்லா.

ஆடு ஓட்டி வந்த தடியர் மாஜிஸ்திரேட்டுக்கு முன்னால் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். குமாஸ்தா காகிதத்தைப் புரட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார்:

"ரயில் குண்டு வழக்கில் கைதான ஞானம்!"

வேலூர்க்காரர் வலது கையைத் தூக்கினார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே விலங்கு போட்டிருந்ததால், ஜஹாங்கீரைப் பெற்றவரின் இடது கையும் கூடவே உயர்ந்தது.