இன்னொரு பிரதி

"ஹலிட்ஸ்கி கேட்டா, 'பாத்தேன்'னு சொல்லிடு. யோசிக்காதே. யோசிச்சா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்," என்றாள் போக்னா, ஆப்பிள் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டே.

கிங்கா கேக்கைத் தொடவில்லை. மேஜையில் கிடந்த மொபைலை எடுத்தாள். பார்த்தாள். மறுபடி கவிழ்த்து வைத்தாள்.

"பாக்காததைப் போய் எப்படிடீ பாத்தேன்னு சொல்றது?"

"நான் சொல்லலையா? போன வருஷம் இதே கிராக்குவ்ல, இதே ஹால்ல சொன்னேன். 'பாத்தேன் புரொஃபசர், ஆனா கடைசித் தாளைக் கரையான் தின்னுடுச்சு'ன்னேன். கரையான் வந்து இல்லேன்னு சாட்சி சொல்லவா போவுது?"

கிராக்குவில் வருஷா வருஷம் நடக்கும் தெற்காசியவியல் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பது ஒரு சாக்குத்தான். விசேஷமெல்லாம் காபி இடைவேளையில். அங்கே யாரும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்ப்பார்கள். பெரிய பல்கலைக்கழகம் என்றால் பல் தெரியும். சின்ன ஊர் என்றால், பேச்சு உங்களோடு நடக்கும்போதே பார்வை உங்கள் தோளைத் தாண்டி அடுத்த அட்டையைத் தேடும்.

கிங்காவின் அட்டையில் லுப்ளின் என்று இருந்தது. ஜூனோடு அந்த வேலையும் முடிகிறது. பேராசிரியர் ஹலிட்ஸ்கியிடம் மூன்று வருஷ ஆராய்ச்சிப் பணி ஒன்று காலி. இன்றைய கட்டுரைகளைக் கேட்டுவிட்டுத்தான் ஆள் எடுக்கப்போகிறார் என்பது கோட் மாட்டும் அறை வரைக்கும் தெரிந்த ரகசியம்.

எல்லாரும் பேசப்போவது ஒரே நூலைப் பற்றி. உள்ளூர் நூலகத்தில் கையெழுத்துப் பிரதியாகக் கிடக்கும் பழைய ஹிந்திக் காதல் காவியம். போலந்தில் ஹிந்தி படித்தவர்களில் பாதிப்பேருக்கு அதுதான் சோறு போடுகிறது. அதில் கடைசித் தாள் மட்டும் இல்லை. கவிஞர்கள் தங்கள் பெயரைச் சொல்வது கடைசித் தாளில்தான் என்பதால், எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. எழுதியது ஒரு பெண் என்று கிங்கா ஆறு வருஷமாகச் சொல்லிவருகிறாள். கேட்டவர்கள் சொக்கிப்போயிருக்கிறார்கள்.

பனாரஸில் யாரோ ஒருவர் வீட்டில் முழுசாக இன்னொரு பிரதி இருப்பதாக ஒரு பேச்சு உண்டு. "அதைப் பார்த்தீர்களா?" என்பதுதான் ஹலிட்ஸ்கியின் கேள்வி. யார் பேசினாலும் அதே கேள்வி.

"நீதான் குளிர்காலத்துல பனாரஸ் போனியே! என்னத்தைக் கொண்டு வந்தே? ஒரு சால்வை, ஒரு வயித்துவலி. சும்மா போனதுக்கு ஒரு பொய்யாவது மிஞ்சட்டும்டீ," என்றாள் போக்னா.

முதலில், அதே வேலைக்கு ஆசைப்பட்ட ரதெக் வாசித்தான். ஹலிட்ஸ்கி கண்ணை மூடியபடியே கேட்டார்.

"பனாரஸ் பிரதியைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் புரொஃபசர். வீட்டுக்காரர் கடைசித் தாளை மட்டும் தொட விடலை. பூஜைல இருக்காம்."

ஹலிட்ஸ்கி தலையாட்டினார். பின்வரிசையில் போக்னா, 'கரையானைவிட இது நல்லா இருக்கே' என்று பொறாமைப்பட்டாள்.

அடுத்து கிங்கா. நன்றாகவே வாசித்தாள், கைதட்டலும் பலமாக இருந்தது. அது அடங்கியதும் அந்தக் கேள்வி வந்தது.

அவள் தண்ணீர் குடித்தாள். கவிழ்த்து வைத்த மொபைலை ஒருமுறை பார்த்தாள்.

"இல்ல புரொஃபசர். பாக்கலை. பனாரஸ்ல தேடினேன். அப்படி ஒரு பிரதியே கிடையாதுன்னுதான் நினைக்கிறேன்."

ஹலிட்ஸ்கி கண்ணைத் திறந்தார். "நன்றி" என்று மட்டும் சொன்னார்.

"போச்சு! லுப்ளின்ல இங்கிலீஷ் டியூஷன் எடுத்துத்தான் பிழைக்கப்போறே," என்று கோட் அறைக்குப் போகும் வழியெல்லாம் போக்னா திட்டிக்கொண்டே வந்தாள்.

அங்கே கிங்காவின் கோட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஹலிட்ஸ்கியே நின்றிருந்தார்.

"சின்ன வயசுல நானும் பனாரஸ்ல சந்து சந்தா அலைஞ்சிருக்கேன் டாக்டர் கிங்கா. அப்படி ஒண்ணு கிடையாது. அது என் புரொஃபசர் விட்ட கதை. ஆனா பாருங்க, முப்பது வருஷமா நான் கேட்ட அத்தனை பேரும் அதைப் பாத்திருக்காங்க!" என்றார். போக்னா சட்டென்று தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தாள். "படிப்பு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம். பொய் சொல்ற ஆளோட மூணு வருஷம் ஒரே அறையில உக்கார என்னால ஆகாது. உண்மையைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். செப்டம்பர்ல வந்து சேருங்க."

"புரொஃபசர், நான் ஒண்ணு..."

"நன்றியெல்லாம் வேண்டாம்." கோட்டை அவளுக்கு மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

போக்னா கட்டிக்கொண்டாள். "அடிப்பாவி! இந்தத் துறையில உண்மையைச் சொல்லி வேலை வாங்கின முதல் ஆள் நீதான். எங்கேருந்துடீ வந்துச்சு அந்தத் தைரியம்?"

டிராம் நிறுத்தத்தில் தனியாக நின்றபோதுதான் கிங்கா மொபைலைத் திருப்பி, குளிர்காலத்தில் பனாரஸ் வீட்டு மாடியில் எடுத்த படத்தைத் திறந்தாள்.

கடைசித் தாளைக் கரையான் தொடவே இல்லை. கவிஞர் அதில் தன் பெயரையும், தகப்பனார் பெயரையும், போதாததற்குத் தன் இரண்டு மனைவிகளின் பெயரையும் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்.