வாகை மரத்தடியில் சொன்ன சேதி

எங்கள் பேரூராட்சியில் எந்த அறிவிப்பானாலும் ஆட்டோ மேல் கட்டிய ஒலிபெருக்கிதான் ஊருக்குச் சொல்லும். தண்ணீர் வராத நாள், தடுப்பூசி முகாம், நாய் பிடிக்கும் வண்டி, எல்லாவற்றுக்கும் அதற்கு ஒரே தொண்டை.

சாலையை அகலப்படுத்தப் போகிறோம் என்று ஒருநாள் பள்ளிக்கூடத்து வாகை மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். கிளைகளுக்கு நடுவே உடைந்து கிடந்த தன் முட்டைகளைப் பார்த்தபடி காகம் உட்கார்ந்திருந்தது. அந்த வழியாக வந்த ஆட்டோ டீக்கடையில் நின்றது.

"ஊர்ச் சேதியெல்லாம் உனக்குத்தானே முதலில் தெரியும்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று காகம் கேட்டது.

"சொன்னேனே தாயே," என்றது ஒலிபெருக்கி. "நீ முதல் குச்சியைக் கொண்டுவந்த அன்றைக்கே இந்த மரத்தடியில் நின்று சொன்னேன். மறுநாளும் சொன்னேன். நான் வாயைத் திறந்ததுமே நீ பதறிப் பறந்துவிடுவாய். நான் போன பிறகுதான் திரும்பி வருவாய்."

"அப்படிக் கத்தினால் யார் நின்று கேட்பார்கள்?"



டிரைவர் டீயைக் குடித்துவிட்டு ஆட்டோவைக் கிளப்பினார். அடுத்த தெருவில் வெட்டப்போகும் புங்க மரத்தில் இன்னொரு காகம் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தது. இதனிடமாவது மெல்லச் சொல்லிவிட வேண்டும் என்று ஒலிபெருக்கி குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"என்ன, சத்தமே வரலை?" என்று டிரைவர் ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகினார்.

"பொதுமக்களின் கவனத்திற்கு!" என்று தெருவே அதிர்ந்தது.

கிளையில் குச்சிகள் மட்டும் இருந்தன.