சங்கிலி அறுப்பவன்

"துணிய எறக்குய்யா. சாயங்காலம் கலெக்டர் பாக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தபா பாத்துடறேன்" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் கிருஷ்ணசாமி.

சிற்பி பாண்டுரங்கன் தயங்கினார். "தெறப்பு விழாவுலயே பாக்கலாமே, தலைவரே."

"எறக்குன்னா எறக்கு."

வெள்ளைத் துணி சரிந்து விழுந்தது. உத்திரமேரூர் ஏரிக்கரை ஓரம் பஞ்சாயத்து போட்ட புதுப் பூங்காவின் நடுவில், பீடத்தின்மேல், சிமெண்டு மனிதன் ஒருவன் நின்றான். இரண்டு கைகளையும் தூக்கி மணிக்கட்டுச் சங்கிலியை அறுத்துக்கொண்டிருந்தான். பீடத்தில் 'சுதந்திரம்' என்று எழுதியிருந்தது.

கூட வந்த இரண்டு உறுப்பினர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "இன்னாங்க இது, நம்ம எல்லப்பன் மாதிரியே கீது."

கிருஷ்ணசாமி சிரிக்கவில்லை. அவருக்கும் அப்படித்தான் தெரிந்தது. அதே ஒட்டிய கன்னம், அதே தாடை. எல்லப்பன் அவருடைய பண்ணையாள், அவரைவிட இரண்டு வயது இளையவன். அவன் குடிசை நிற்பதும் அவர் நிலத்தில்தான்.

"யார நிக்க வச்சு செஞ்ச?"

"யாரையும் நிக்க வைக்கல. மனசுல இருந்த முகம்."

"யாரு முகம்?"

"கலெக்டர் எதிர்லதான் சொல்லுவேன்னு ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கேன். அதுவரிக்கும் கேக்காதீங்க."

"சேரியில எவனுக்குக் குடுத்த வாக்கு?"

பாண்டுரங்கன் குனிந்து கீழே விழுந்த துணியை மடிக்கத் தொடங்கினார். கிருஷ்ணசாமிக்கு அது போதுமானதாக இருந்தது.

"போய் எல்லப்பன இட்டுகினு வாங்க."

நாற்றங்காலிலிருந்து முழங்கால் சேற்றோடு எல்லப்பன் வந்தான். விஷயம் தெரியாமல் அவன் அம்மா செங்கேணியும் பின்னாலேயே ஓடிவந்தாள். சேரி ஆட்கள் இந்தப் பூங்காவுக்குள் வரலாமா என்பதை இன்னும் யாரும் பேசி முடிக்கவில்லை. இருவரும் கம்பிவேலிக்கு வெளியே நின்றுகொண்டார்கள்.

"உள்ள வாடா."

"இருக்கட்டுங்க ஆண்டே."

"வாடான்றேன்."

எல்லப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"இது யாரு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கை தானாகப் போய்த் தன் தாடையைத் தடவியது. "தெரிலீங்க ஆண்டே."

"உன் வூட்ல கண்ணாடி இல்லியா?"

உறுப்பினர்கள் மறுபடி சிரித்தார்கள்.

"நான் நிக்கலீங்க. பொழுதுக்கும் ஆண்டே நெலத்துலதான கீறேன். இவர இன்னிக்கித்தான் பாக்கறேன்."

"இந்தாளு சொல்றது நெசந்தான்" என்றார் பாண்டுரங்கன். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாயங்காலம் நான் செருப்பக் கழட்டிட்டு, ஊரே பாக்க, இதுக்கு மொத மாலை போடணும்" என்றார் கிருஷ்ணசாமி. குரல் உயரவில்லை. "உனுக்கு மாலை போட்டுட்டு நாளைக்கி உன்னையே ஏர் ஓட்டச் சொன்னா, நீ ஓட்டுவியா? உன் பங்காளி எவனாவது ஓட்டுவானா?"

"ஆண்டே, எம்புள்ள ஒரு பாவமும் அறியான்" என்று வேலிக்கு வெளியிலிருந்து செங்கேணி கும்பிட்டாள். "அவன் எந்தச் செலைக்கி..."

அதுவரை அவள் சிலையைப் பார்த்திருக்கவில்லை. இப்போது பார்த்தாள். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"பாத்தியா, பெத்தவளே ஒத்துக்கினா" என்றார் கிருஷ்ணசாமி. மேடை கட்டிய கொத்தனார்கள் விட்டுப்போன சம்மட்டியைக் காலால் தள்ளினார். "எடு. மூஞ்ச மட்டும் ஒட. உன் கையாலயே ஒட. அப்பறம் பொழுது சாயறதுக்குள்ள குடிசையப் பிரிச்சுக்கினு, உங்கம்மாவ இட்டுகினு ஊர வுட்டுப் போய்டு."

"ஒடச்சிட்டா இங்கியே இருக்கலாங்களா ஆண்டே?"

"ஒடச்சா உசுரோட போவ."

எல்லப்பன் அம்மாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. சம்மட்டியை எடுத்துக்கொண்டு பீடத்தில் ஏறினான். சிமெண்டு மூக்கு அவன் மூக்குக்கு நேராக இருந்தது. இரண்டு கைகளாலும் சம்மட்டியை ஓங்கியபோது, எது சிலை எது ஆள் என்று சொல்ல முடியாதபடி இருவரும் ஒரே மாதிரி நின்றார்கள். உறுப்பினர்களின் சிரிப்பு நின்றுவிட்டது.

பாண்டுரங்கன் பாய்ந்து அவன் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்தார். "வுடுப்பா. வேணாம்." மூச்சு வாங்கியபடி கிருஷ்ணசாமியிடம் திரும்பினார். "வாக்கு போனா போவட்டும். நான் வாக்கு குடுத்தது உங்கம்மாவுக்கு."

"எங்கம்மாவுக்கா?"

"ஆண்டாளம்மாதான் செய்யச் சொன்னாங்க. மவன் தெறக்கற செல, மேடையில நிக்கும்போதுதான் அவனுக்குத் தெரியணும்னாங்க. கள்ளுக்கட மறியல்ல நானும் அவரும் ஒண்ணா உள்ள போனோம். ஆறு மாசம் ஒரே அறை. நீங்க அப்ப கைக்கொழந்த. வெளிய வந்து ரெண்டு வருசத்துல அவரு போய்ட்டாரு. நீங்க பாத்ததெல்லாம் செவுத்துல மாட்டன படம், பெரிய மீசையும் தலப்பாவும். ஜெயில்ல ரெண்டையும் எடுத்துட்டாங்க தம்பி. நீங்க அம்மா ஜாட, அதான் உங்களுக்குத் தெரில. அந்த முகத்த நான் அச்சு மாறாம வச்சிருக்கேன்." அவர் குரலில் பெருமை இருந்தது. "இது உங்க நைனா."

கிருஷ்ணசாமி சிலையைப் பார்க்கவில்லை. பீடத்தின்மேல் நின்ற எல்லப்பனைப் பார்த்தார். வேலிக்கு வெளியே செங்கேணி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.