தபால்காரரின் விடுதலை

காலை வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து, டாக்டரம்மாவின் மேஜைமேல் விரிந்திருக்கும் ரத்தப் பரிசோதனைத் தாள்களில் விழுகிறது. எதிரே தபால்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு முன் பார்த்த டாக்டர், மாத்திரைக்கும் சர்க்கரை இறங்காததைக் கண்டு, "வாயைக் கட்டச் சொல்லுங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டார். கடிதம் வாங்குகிற வீடெல்லாம் இவருக்குத் தின்ன எதையாவது நீட்டும் என்பது அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து சமையலறை அலமாரிக்குப் பூட்டு. சாயங்காலம் வாசலிலேயே விசாரணை. அவரோ பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு இளைத்துவருகிறார்.

"இது தின்னு ஏறின சர்க்கரை இல்லம்மா," என்கிறார் டாக்டரம்மா. "உடம்புல இன்சுலின் சுரக்கிறதே நின்னுக்கிட்டு வருது. இனிமே ஆயுசுக்கும் ஊசிதான். அவர் மேல தப்பில்ல."

தபால்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்கிறார். "கடைசியா சொன்னதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."

"அவர் மேல தப்பில்ல."

ஆயுளுக்கும் ஊசி என்று கேட்டவரின் முகத்தில் வழக்கில் ஜெயித்த களை. அவள் கைப்பையைத் துழாவி அலமாரிச் சாவியை எடுக்கிறாள். அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடுகிறாள்.

"நிஜமாவே ஒண்ணுகூடத் தின்னலையாங்க?"

"ஒரே ஒரு கேக். அதுலயும் பாதிதான்."

அவள் சிரித்துவிடுகிறாள். மூடிய அந்த விரல்களின் மேலிருந்து கையை எடுக்க மட்டும் அவளுக்கு மனமில்லை.