நனையாத இடம்

பின்பக்கம் கொசுவலை அடித்த வராந்தா. தரை போட்ட புண்ணியவான் தண்ணீர் ஓடும் வாட்டத்தைச் சமையலறைப் பக்கம் வைத்துவிட்டுப் போயிருந்தான். மழை பெய்தால் தண்ணீர் வெளியே போகாமல் எங்களைப் பார்க்க உள்ளே வரும். "இன்னொரு மழைக்கு நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்" என்று மனைவி சொன்னதும் கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

அவர் தரையைக் கொத்திப் புதிதாகப் பூசினார். காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். அது சமர்த்தாக ஓடி வெளிக்குழாயில் இறங்கியது. நடுவில் மட்டும், இரண்டு பாதங்களின் அளவுக்குத் தரை நனையவே இல்லை. மறுபடியும் ஊற்றினார். தண்ணீர் மறுபடியும் விலகிப் போனது.

"வாட்டம் சரியாத்தாங்க இருக்கு. யாரோ நிக்கிறாங்க, அவ்வளவுதான்" என்றார்.

"இத்தனை நாளும் தண்ணியிலயா நின்னாங்க? பாவம்" என்ற மனைவி, ஒரு பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து அங்கே போட்டாள்.

அடுத்த மழையில் சாரல் வராந்தா முழுக்க அடித்தது. ஒரு சொட்டுகூடத் தேங்கவில்லை. நாற்காலிக்கு முன்னால் ஒரே ஒரு பாதத்தின் அளவுக்குத் தரை காய்ந்திருந்தது.

"இன்னொரு கால் எங்க?" என்றேன்.

மனைவி சிரித்தாள். "எங்க போகும்? கால் மேல கால் போட்டு உக்காந்தாச்சுல்ல!"